ஆலைச் சுவரின் கடைசி எழுத்து

வீட்டின் பின்பக்கச் சிமென்ட் தரையில் அவள் தண்ணீரால் எழுதிக்கொண்டிருந்தாள். டப்பாவில் பிரஷை முக்கி ஒரு வளைவு போடுவாள். அடுத்த வளைவை முடித்துவிட்டுத் திரும்பினால் முதல் வளைவு காய ஆரம்பித்திருக்கும். வெயில் ஏற ஏற எழுத்தும் சீக்கிரம் சீக்கிரமாக மறைந்தது. அதில் ஒரு சௌகரியம், தப்பை யாரும் உட்கார்ந்து அழிக்க வேண்டியதில்லை.

பிரஷ்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. செத்துப்போன புருஷனின் பிரஷ். அவனுக்கு இடக்கைப் பழக்கம். வருஷக்கணக்காக அந்தக் கைக்கே தேய்ந்து, மயிர் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் சாய்ந்திருந்தது. அவள் வலக்கையில் பிடித்தால் கோடு நடுவிலேயே பிளந்துகொண்டது. திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். சற்றுத் தேவலாம் போலிருந்தது.

மாமியார் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் புள்ள எழுதினா எழுத்து எழுந்து நிக்கும். நீ என்னடான்னா தரையக் கழுவிட்டு இருக்க."

"கழுவின மாதிரியும் ஆச்சு அத்தை."

மாமியார் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, காலியான டப்பாவில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள்.

நூற்பாலையின் முன்சுவரில் பெயர் எழுதும்போதுதான் அவன் விழுந்தான். முதலாளியின் அப்பா பெயரும் அதற்குப் பிறகு 'நூற்பாலை' என்ற சொல்லும் ஆள் உயரத்துக்கு மேலான எழுத்துகளில், இரண்டு மாடி உயரத்தில் வரவேண்டும். அந்த ஆலைக்கென்றே அவன் ஒரு எழுத்து வகையை உண்டாக்கியிருந்தான். ஒவ்வொரு கோடும் தடிமனாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் பிரிந்த நூல் முனை போலக் காற்றில் விட்டாற்போல முடியும். "கடையில தொங்குற சட்டை இல்ல இது, அளவெடுத்துத் தைக்கிறது" என்று அவளிடம் சொல்லியிருந்தான். 'நூற்பா' வரை வந்திருந்தது. மிச்சம் 'லை' மட்டும்தான். எட்டிப் பிடித்துக்கொள்ளச் சாரத்தில் ஒரு கயிறுகூடக் கட்டியிருக்கவில்லை. சிவப்பு எனாமல் டப்பாவும் அவனோடு கூடவே வந்தது.

துக்கம் கேட்டு வருகிறவர்கள் ஓய்ந்த பிறகு ஆலைக் கட்டட வேலைகளைப் பார்க்கும் மேஸ்திரி வந்தார். உட்காரச் சொன்னதற்குச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"ரெண்டு பெயிண்டரைக் கூட்டிட்டு வந்து சுவரைக் காட்டினேம்மா. ஒருத்தன் அண்ணாந்து பாத்துட்டு, இது என்ன எழுத்தா, நூல்கண்டு அவுந்து கிடக்குதான்னு கேட்டுட்டுப் போயிட்டான். இன்னொருத்தன் எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து எழுதறேங்கிறான். முதலாளி ஒத்துக்க மாட்டாரு. நீதான் கூடமாட இருந்து பாத்தவ."

"நான் உள்ள கலர் ரொப்புவேன். அதுவும் சின்ன போர்டுக்கு. கோடு போடறது அவருதான்."

"கோடும் போட்டுப் பழகு. அந்த ஒரு எழுத்து பொருந்திடுச்சுன்னா மெயின் கேட்டு, லாரி, கிடங்குக் கதவு, எழுத்து வேலை எல்லாமே உன் கையிலதான். வெளியாளை உள்ள விடமாட்டேன்."

அட்டைப்பெட்டி மடிக்கும் கூடத்தில் அவளுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

கொழுந்தன் அப்போது அங்கே இருந்தான். வெள்ளையடிக்கிற வேலை. இமை மயிர் எப்போதும் வெளுத்தே இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவன் சுண்ணாம்பு.

"நஷ்டஈடு என்ன ஆச்சு மேஸ்திரி?"

"அது தனி, இது தனிப்பா. தொழிலாளர் ஆபீஸ்ல இருந்து அதிகாரி வருவாரு. இடத்தைப் பாப்பாரு, எழுதிட்டுப் போவாரு. வேலை பாக்கும்போது போனவனுக்கு வரவேண்டியது வரும். கம்பெனி குறுக்க நிக்காது."

"அப்ப அவரு பாத்துட்டுப் போனப்புறம் எழுதினா என்ன?"

"முதலாளி வெளியூர்ல இருந்து வர்றாருப்பா. அப்பா பேரு பாதியில நிக்கிறதைப் பாத்தா அவரு மனசு என்ன பாடுபடும்?"

சுண்ணாம்பு நகத்திலிருந்த வெள்ளையைச் சுரண்டத் தொடங்கினான். ஆலைக் குடியிருப்புக்கு வெள்ளையடிக்கிற வேலை மேஸ்திரி கொடுத்ததுதான்.

சுவரைப் பார்க்க அவள் போனபோது காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். 'பா'வுக்குக் கீழே தரை வரைக்கும் ஒரு பட்டையாகப் புது வெள்ளை தெரிந்தது. சுற்றியிருந்த சுவர் பழசு.

"சிவப்பு வழிஞ்ச இடம். மறுநாளே அடிச்சுட்டாங்க" என்றார் காவல்காரர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான்தாம்மா முதல்ல ஓடினேன். கையில பிரஷ் அப்படியே இருந்தது. பிடுங்கித்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு." உள்ளே யாரோ வருகிற சத்தம் கேட்டதும் கேட்டுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

அன்றைக்குப் பிறகு வேலையில்லாத நாளெல்லாம் அவள் சாலைக்கு எதிர்ப்புறத்துக் கல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்தது. பார்த்ததைப் பழைய செய்தித்தாளில் கரியால் எழுதினாள். 'ல' சுவரில் எங்குமே இல்லை. இருக்கிற எழுத்துகளிலிருந்துதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். 'நூ'வின் சுழியை எடுத்தாள். 'ற்'றின் வயிற்றை எடுத்தாள். ஒட்டிப் பார்த்தால் தானம் வாங்கிய உடுப்புப் போலிருந்தது. எங்கே தொளதொளப்பு, எங்கே இறுக்கம் என்று புரியவில்லை.

ஒருநாள் வெயில் கண்ணைக் கூச, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். சிவப்பு மங்கி, எழுத்துக்கு நடுவிலிருந்த வெள்ளை மட்டும் தெரிந்தது. 'நூ'வுக்குள் அடைபட்ட வெள்ளையும், 'ப'வின் மடியில் இருந்த வெள்ளையும், இரண்டுக்கும் இடையில் நின்ற வெள்ளையும் ஒரே அளவாக ஊற்றிவைத்தது போலிருந்தன. அவன் கோட்டை வரையவில்லை. கோடு விட்டுவைக்க வேண்டிய இடத்தை வரைந்திருந்தான். அவள் வீட்டுக்குப் போய்ச் சிமென்ட் தரையில் முதலில் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி 'லை'யைப் போட்டாள். மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தாள். தண்ணீர் காயும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.

செய்தித்தாள்களை ஒட்டி முழு அளவில் எழுதிக் காட்டியதும் மேஸ்திரி சரி என்றார். சுண்ணாம்பு சாரத்தின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான்.

"கயிறு ஒண்ணு கேட்டேன் அண்ணி, இடுப்புல கட்டிக்க. ஸ்டோர்ல இல்லையாம். நூல் ஆலையில கயிறு இல்லையாம், யார்கிட்ட போய்ச் சொல்ல?"

"நீங்க கீழ பிடிச்சுக்குங்க தம்பி, போதும்."

மேலே புருஷன் உட்கார்ந்த அதே பலகைதான். இடக்கைப் பக்கம் டப்பா வைத்த வட்டமும், சிந்திய சிவப்புச் சொட்டுகளும் காய்ந்திருந்தன. அவள் டப்பாவை வலப்பக்கம் வைத்துக்கொண்டாள். காகிதத்தில் இருந்ததைச் சாக்குக்கட்டியால் அப்படியே சுவரில் வரைந்து முடித்து, இறங்கி, சாலையைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

எழுத்தின் தலை அமுங்கிக் கிடந்தது.

"யாரோ தலையில மூட்டையை ஏத்திவிட்ட மாதிரி இருக்கு அண்ணி" என்றான் சுண்ணாம்பு. "இன்னும் கொஞ்ச நேரம் நின்னா உக்காந்துடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. காகிதத்தில் சரியாக இருந்தது சுவரில் எப்படிக் கெட்டுப்போகும்? மறுபடி ஏறி, ஒரு நூலை எடுத்து அவன் எழுதிய 'ப'வின் மேல் அகலத்தை அளந்தாள். அதே நூலை அடி அகலத்துக்கு வைத்தாள். மிச்சமிருந்தது. 'ற்'றிலும் அப்படித்தான். மேல் வளைவு கீழ் வளைவைவிடப் பெரிது. கிட்டத்தில் பார்த்தால் தலைகனத்த எழுத்துகள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு மேலே உள்ளது சிறுத்துத் தெரியும் என்று, அவன் அந்தக் கண்ணுக்காக மேலே கூட்டிக் கூட்டி எழுதியிருந்தான். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

சாக்குக்கட்டிக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தலையைப் பெரிதாக்கி மறுபடி வரைந்தாள். இறங்கிப் பார்த்தாள். ஏறித் திருத்தினாள். சேலை முனை சாரக்கட்டையில் மாட்டிக் கிழிந்தது. எழுத்து எழுந்து நின்றபோது சுண்ணாம்பு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். காவல்காரர் அவனை அதட்டிவிட்டு, அவரும் சாலைக்கு வந்து நின்று பார்த்தார். பிறகு அவள் சிவப்பை ஏற்றினாள். கடைசி நூல் முனையை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் விட்டாள்.

மறுநாள் மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து எதிர்க் கல்லில் உட்காரவைத்தாள். மாமியார் நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"எந்த எழுத்துலடி விட்டான் என் புள்ள?"

"நீங்களே சொல்லுங்க அத்தை."

"தெரியலையே" என்றாள் மாமியார். "எனக்கே தெரியலையே."

அதைவிடப் பெரிய சான்றிதழ் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அன்று இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். கிடங்குக் கதவு எத்தனை, லாரி எத்தனை என்று மாமியார் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அதே வாரத்தில் தொழிலாளர் ஆபீஸ் அதிகாரி வந்தார். சொல்லி அனுப்பியிருந்ததால் அவளும் சுண்ணாம்பும் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். ஆலை மானேஜர் அதிகாரியைச் சுவருக்கு எதிரே அழைத்துவந்து நிறுத்தினார். மேஸ்திரி பின்னால் நின்றார்.

"நீங்களே பாருங்க சார். பேரு முழுசா இருக்கு. அவரு விழறதுக்கு முன்னாடியே எழுத்து வேலை முடிஞ்சு போச்சு. முடிஞ்ச வேலைக்கு அன்னிக்கு எதுக்கு மேல ஏறினாரோ, அது எங்களுக்குத் தெரியாது."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"முடியல சார்" என்றாள். "கடைசி எழுத்து நான் எழுதினது. இந்த வாரந்தான்."

அதிகாரி சுவரைப் பார்த்தார். "எது?"

"லை."

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவர் பார்வை போய் வந்தது. "எல்லாம் ஒரே கையாத்தானே இருக்கு?"

"துக்கத்துல பேசறாங்க சார். பாவம்" என்றார் மானேஜர்.

"அண்ணிதான் சார் எழுதினாங்க. நான்தான் கீழ சாரத்தைப் பிடிச்சிட்டு நின்னேன்" என்றான் சுண்ணாம்பு.

"நீ யாரு?"

"செத்தவரோட தம்பி சார்."

அதிகாரி சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு மானேஜரிடம் திரும்பினார். "சாரம் இன்னும் நிக்குதே?"

"சுவருக்கு வெள்ளையடிக்க சார். இதோ, இவன்தான் அடிக்கிற ஆளு."

காவல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தான் அன்றைக்குக் கேட்டிலேயே இருந்ததாகவும், சத்தம்தான் கேட்டதாகவும் காவல்காரர் சொன்னார். சொல்லும்போது அவள் நின்ற பக்கம் அவர் திரும்பவில்லை.

"கிட்ட போய்ப் பாத்தா தெரியும் சார்" என்றாள் அவள். குரல் உயர்ந்துவிட்டது. "அவருக்கு இடக்கை. பிரஷ் இழுத்த தடம் எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கும். எனக்கு வலக்கை. என்னோடது இந்தப் பக்கம் சாஞ்சிருக்கும். மேல ஏறி ஒருதடவை பாருங்க சார். பலகையிலகூட அவரு சிந்தினது இருக்கு."

அதிகாரி சிறிது யோசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாரத்தருகே போனார். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து முதல் குறுக்குக் கட்டையில் காலை வைத்தார். உடம்பின் பாரம் இறங்கியதும் கட்டை கிறீச்சிட்டது. சாரம் முழுவதும் மேலே வரைக்கும் ஒருமுறை ஆடி நின்றது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"பிடிச்சுக்க ஒரு கயிறுகூட இல்லையே. இதுல மனுஷன் எப்படி ஏறறது?"

"வேண்டாம் சார், ஆபத்து. நீங்க ஏறி ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" மானேஜர் அவர் முழங்கையைப் பிடித்து இறக்கினார்.

அதிகாரி கையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். "பாத்த வரைக்கும் எழுதிக்கிறேன்" என்று மானேஜரோடு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் மேஸ்திரி மட்டும் வெளியே வந்தார். அவள் போகாமல் சாரத்தின் அடியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சாயங்காலம் முதலாளி வர்றாரும்மா. 'லை'யோட அடிக்கோடு கொஞ்சம் மங்கலாத் தெரியுது. இன்னொரு கை ஓட்டிடு." கொஞ்சம் நின்று, "நாளைக்குக் கிடங்குக் கதவு ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

சுண்ணாம்பு, "வாங்க அண்ணி, போகலாம்" என்றான். அவள் போகவில்லை. சேலையை இழுத்துச் செருகி, டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்து இரண்டு கம்பங்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவள் ஏறும்போது சாரம் ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை நின்று, பிறகு ஏறினாள். பலகையின் இடப்பக்கம் புருஷனின் சொட்டுகள் கருத்திருந்தன. வலப்பக்கம் அவளுடையவை இன்னும் பளிச்சென்றிருந்தன. நடுவில் உட்கார்ந்து பிரஷைத் திருப்பிப் பிடித்து 'லை'யின் அடிக்கோட்டில் வைத்தாள். கீழே கேட்டைத் திறக்கிற சத்தமும் அதிகாரியின் கார் கிளம்புகிற சத்தமும் கேட்டன. அங்கிருந்து அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குப் பலகையின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும்.