பத்ராவுக்குத் தெரியாத பாஷை

தில்லித் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் அவர்களுக்கென்று ஒரு தனியறை கூடவே வரும். மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தொப்பையைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். டாக்டர் எதிரிலேயே டாக்டரைத் திட்டலாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்; அங்கே முருங்கைக்காய் விற்கிற பஞ்சாபிக்கும் 'கொள்ளை விலை' என்றால் புரிந்துவிடும். மற்றபடி, 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு' என்பதெல்லாம் விந்தியத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்குச் சொன்னது என்றுதான் சுபாஷிணி நினைத்திருந்தாள். கல்யாணமாகி தில்லிக்கு வந்த நாளிலிருந்து அப்படி நினைத்தே பேசிப் பழகிவிட்டாள்.

அந்த ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, துவாரகாவிலிருந்து காரில் கிளம்பியவர்கள் மூன்றே பேர். சுபாஷிணி, அவள் கணவன் சுந்தரேஷ், அதே அடுக்குமாடி சொசைட்டியில் எதிர் வீட்டில் இருக்கும் பத்ரா ஜி. பத்ரா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். மனைவி கமலா போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் கனடாவில். ஞாயிறுதோறும் ஆரவல்லிக் காட்டுக்கு நடக்கப் போகும் குழுவுக்கு அவர்தான் தலைவர். மழை வலுத்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சுந்தரேஷ் தம்பதி மட்டும் விடாமல் வந்தார்கள். இன்னும் கொஞ்ச நாளில் தில்லியையே விட்டுப் போகப்போகிறார்கள் அல்லவா!

சுந்தரேஷுக்கு வியன்னாவில், நம் தூதரகத்தில் மூன்று வருஷப் போஸ்டிங் வந்திருந்தது. மகள் ஜெர்மனியில் படிக்கிறாள்; ஒரு ராத்திரி ரயிலில் அவளைப் போய்ப் பார்த்துவிடலாம். சுபாஷிணி பெட்டிகூட வாங்கிவிட்டாள். விஜிலன்ஸ் கிளியரன்ஸ் ஒன்றுதான் பாக்கி. அது வரும்வரை ஒரு சின்ன போலீஸ் கேஸ் என்றாலும் ஃபைல் அப்படியே உட்கார்ந்துவிடும், வரிசையில் அடுத்தவன் டிக்கெட் வாங்கிவிடுவான். மனிதர் காரைக்கூட சிக்னலில் மஞ்சள் விழுவதற்கு முன்பே நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது.

"ஏன்னா, போறதுக்கு முன்னாடி அந்த ஏரியைப் பார்த்துடணும்" என்றாள் சுபாஷிணி பின் சீட்டிலிருந்து. "கிழவர் வேண்டாம்னுதான் சொல்லுவார். 'உங்களை விட்டா யாருக்கு வழி தெரியும்'னு ரெண்டு தடவை சொல்லுங்கோ. உச்சி குளிர்ந்து கூட்டிண்டு போயிடுவார்."

முன் சீட்டில் பத்ரா, வைப்பர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஏரியே இல்லை. ஒரு காலத்தில் செம்மண்ணும் கல்லும் தோண்டி எடுத்த சுரங்கப் பள்ளம். தோண்டுவதை நிறுத்தியபின் தண்ணீர் ஊறி நிறைந்துவிட்டது. நீலமாக, போட்டோவில் காஷ்மீர் மாதிரி தெரியும். குளிக்கப் போன பையன்கள் பலர் திரும்பி வராததால் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சுவர் வைத்து, பலகையும் மாட்டியிருந்தார்கள். சுவரில் ஓர் இடம் இடிந்திருப்பது பத்ராவுக்குத் தெரியும். சுந்தரேஷ் இந்தியில் இரண்டு தடவை புகழ்ந்தான். பத்ரா சிரித்தார். "சலோ, ஆப் லோக் ஜா ரஹே ஹோ" என்றார். நீங்கள்தான் ஊரைவிட்டுப் போகிறீர்களே, போகலாம் என்பது போல.

காட்டுக்குள் வழி மோசமாக இருந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஊரில் எல்லோரும் வேரோடு பிடுங்கச் சொல்லித் திட்டுகிறார்களே, அதே மரம்தான் இங்கே பாதி மலையைப் போர்த்தியிருக்கிறது. முள் மழைக்கோட்டைப் பிடித்து இழுத்தது. செம்மண் குழைந்து, ஒவ்வோர் அடிக்கும் செருப்புக் கடைக்காரன் ஓர் அட்டை ஒட்டினாற்போல் ஷூவின் அடியில் கனம் கூடியது. ஏறும்போது இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கியது. பத்ரா முன்னால் கோலை ஊன்றி, மண் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போனார். ஒரு நீல்காய் மான் புதரிலிருந்து எழுந்து அவர்களைப் பார்த்துவிட்டு, வேண்டா வெறுப்பாக நகர்ந்தது. சுபாஷிணிக்கு மூச்சு வாங்கினாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் அவள் போனை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் தண்ணீர் முழுவதும் படத்தில் விழும். கால் எடுத்து வைத்தவளை பத்ரா கையை நீட்டித் தடுத்தார்.

"ருக்கோ பேட்டீ, பெஹ்லே மைன் தேக்தா ஹூன்."

முதலில் நான் பார்க்கிறேன் என்று அவர்தான் முன்னால் போனார். கோலை ஊன்றினார். கோல் நின்றது, அவருக்குக் கீழே இருந்த மண் நிற்கவில்லை. ஒரு பிடி வெல்லம் உதிர்வது போல விளிம்பு உதிர்ந்தது. அவர் கத்தக்கூட இல்லை.

வேரைப் பிடித்து, உட்கார்ந்து சறுக்கி, இருவரும் இறங்கிப் போனார்கள். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பாறை மடிப்பில் பத்ரா மல்லாந்து கிடந்தார். வலது தொடை, தொடை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. சுந்தரேஷ் போனைப் பார்த்தான். பள்ளத்துக்குள் சிக்னல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முனகுகிற அந்த மனிதரின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் புருஷனும் பெண்டாட்டியும் பேசினார்கள். தனியறை அங்கேயும் கூடவே வந்திருந்தது.

"மேலே ஏறி போலீஸ் நூத்திப்பன்னெண்டுக்குப் போன் பண்ணினா என் நம்பர் பதிவாயிடும் சுபா. தடை பண்ணின இடம். எஃப்.ஐ.ஆர். போடுவான். அவ்வளவுதான், வியன்னா போச்சு."

"வேற என்ன பண்றது?"

"கிராமத்துப் பக்கம் போய் யார்கிட்டயாவது 'ஒரு பெரியவர் விழுந்து கெடக்கார்'னு சொல்லிட்டு வந்துடறேன். அவா வரதுக்குள்ள நாம சுவரைத் தாண்டிடலாம்."

"இவர் நம்ம பேரைச் சொல்லிட்டா?"

சுந்தரேஷ் ஏற வேண்டிய சரிவை அண்ணாந்து பார்த்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சுபாஷிணி அதைச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. குழாய் திறந்திருந்தால் தண்ணீர் வரும், அப்படி வந்தது.

"ஏன்னா, அவ்வளவு நேரம் தாங்குவாரா தெரியலை. தாங்கலைன்னா யார் கேக்கப் போறா."

சுந்தரேஷ் குனிந்து, பத்ராவின் தோளைத் தொட்டு, தேன் சொட்டும் இந்தியில் "உதவி கூட்டிக்கொண்டு உடனே வருகிறேன், தைரியமாக இருங்கள்" என்று சொன்னான். பிறகு சறுக்கிச் சறுக்கி மேலே ஏறி மறைந்தான்.

சுபாஷிணி தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். அந்த மட்டில் அவள் கெட்டவள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் நீலமாக இல்லை. டீக்கடையில் டம்ளர் கழுவும் வாளித் தண்ணீர் மாதிரி இருந்தது.

"கொஞ்சம் ஜலம் குடும்மா."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது. அதைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றுபோயிற்று.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரோல் பாக்ல எங்காத்து மாடியில குஞ்சம்மா மாமி" என்றார், மூச்சு விட்டு மூச்சு விட்டு. "எங்கம்மா ஸ்கூலுக்கு வேலைக்குப் போயிடுவா. பத்து வயசு வரைக்கும் அவா ஆத்துலதான் சாப்பாடு. அப்பறம் மறக்குமா?"

தெருவில் போகிறவன் சட்டென்று அவள் அம்மாவின் குரலில் பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. லிஃப்டில், காரில், மாடிப்படியில், அவர் வீட்டு சோபாவில் என்று இத்தனை வருஷமாக அவரை வைத்துக்கொண்டு பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தது. ஒன்றாவது நல்லதாக இருக்கக்கூடாதா என்று தேடினாள்.

"ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா." அவரை அவள் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மொதல்ல வேடிக்கையா இருந்தது. அப்பறம் சொல்றதுக்கு பயமாயிடுத்து. சொன்னா வெக்கப்பட்டுண்டு வராம இருந்துடுவேள்." வலி வந்து பேச்சை அடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். "கமலா போனப்போ, என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுண்டு நீ சொன்னே. 'இனிமே கிழவர் நம்ம தலையிலதான் விழப்போறார். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் கூடப் போனாப் போறும்'னு."

"மாமா..."

"போறும்னுதான் நானும் நினைச்சேன்."

சுபாஷிணி அழுதாள். உள்ளுக்குள் வேறொருத்தி அழவில்லை. இவர் பிழைத்தால் என்ன சொல்வார், யாரிடமெல்லாம் சொல்வார் என்று அந்த வேறொருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அது தெரிந்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. தேய்த்துவிட்டாள். "கண்ணை மூடாதீங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நினைத்ததைவிடச் சீக்கிரமே மேலே ஆள் அரவம் கேட்டது. சுந்தரேஷ்தான். கூடவே மூன்று வனக் காவலர்கள், அவர்கள் சாவடியிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டில். சறுக்கி இறங்கிக்கொண்டே அவன் தமிழில் கத்தினான்.

"சுபா, சுவர்கிட்டயே இவா எதிர்ல வந்துட்டா! நாம வெளியில நடந்துண்டிருந்தோம், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தோம், இவர் யாருன்னே தெரியாதுன்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு. மயக்கமா கெடக்காரா? நல்லதாப் போச்சு."

'அவருக்குப் புரியும்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சுபாஷிணி வாயைத் திறந்தாள், மூடினாள். பிடித்திருந்த கையை விட்டாள். யாரென்றே தெரியாதவரின் கையை யாராவது அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பார்களா?

மூத்த காவலர் மண்டியிட்டு, பத்ராவின் கன்னத்தைத் தட்டி இந்தியில் கேட்டார். "பாபா, யாருடன் வந்தீர்கள்?"

பத்ரா கண்ணைத் திறந்தார். அவளைத்தான் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்; அதில் கோபம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்காகக் காத்திருப்பாரே, அதே பார்வை.

"அகேலா" என்றார். தனியாக.

"இவர்கள்?"

"நஹீன் ஜான்தா."

தெரியாது என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுந்தரேஷ் மூச்சை விட்டான். "அதிர்ச்சியில மறந்துட்டார் போலிருக்கு. தெய்வாதீனம்" என்று அவள் காதோரம் சொன்னான்.

கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். சேற்றில் நாலு பேர் சறுக்க, கட்டில் சாய, ஒவ்வொரு சாய்வுக்கும் பத்ராவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுந்தரேஷும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். கடமையில் குறை வைக்கவில்லை. சாலைக்கு வந்தபோது காவலர்கள் வரவழைத்த ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. உள்ளே ஏற்றிய பையன் நாடியைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "கூட யார் வருகிறீர்கள்?" என்று கேட்டான்.

"கூட ஆள் இல்லை. தனியாக வந்தவர்" என்றார் காவலர்.

சுபாஷிணி கதவுக்கு ஓரடி தள்ளி நின்றாள். உள்ளே அவளுடைய மழைக்கோட்டுக்குக் கீழே பத்ராவின் வெள்ளை மீசையும் மூடிய கண்களும் தெரிந்தன. அவரை உயிரோடு அவள் பார்த்தது அதுதான் கடைசி. கதவைச் சாத்தினார்கள். வண்டி நகர்ந்தது.

"அவர் எங்களோட வந்தவர்!" என்று சுபாஷிணி கத்தினாள். "தெரியாதவர் இல்லை! நாங்கதான் அவரை அழைச்சிண்டு வந்தோம்! நாங்கதான்!"

கத்திய பிறகுதான் எந்த பாஷையில் கத்தினோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வண்டி திருப்பத்தைத் தாண்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார்கள். காவலர் சுந்தரேஷிடம் மரியாதையாகக் கேட்டார்.

"மேடம் என்ன சொல்கிறார்கள்?"

சுந்தரேஷ் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டான்.

"பாவம், அந்தப் பெரியவர் நல்லபடியாகப் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள்" என்றான் இந்தியில்.