கடல் வராத வியாழக்கிழமை

ஜெமீலாவின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் பொதுவாக ஒரு தென்னங்கிடுகு வேலி. அதில் கிடுகைவிட ஓட்டை அதிகம். ஆகையால் நான் சொல்வது ஊர்க்கதை இல்லை. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்.

யுத்தம் முடிந்த வருசம் அது. ஜெமீலாவுக்கு அப்போது ஒரே கவலை, தான் மவுத்தான பிறகு அப்ராவை யார் பார்ப்பது என்பது. இருதயத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதை அவள் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. ஆகவே ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

அப்ரா மூத்த மகள், இருபத்திமூன்று வயது. பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே பிடிப்பில்லை. பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும், ஆனால் வந்து சேர்ந்தால் சுருக்கென்று தைக்கும். இளையவள் சிபானா, கண்ணாடியைவிட்டு அகலாத பிள்ளை. இவர்களுடைய வாப்பா இறக்காமத்தில் வயல் பார்க்கப் போனவர், அங்கேயே இன்னொரு பெண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். கடைக்குட்டியாக ஒரு பையன் இருந்தான். அவனைக் கடல் கொண்டுபோனது.

அந்தக் கதையை எங்கள் பக்கத்தில் சொல்லாதவர் இல்லை. அலை வந்த காலையில் ஜெமீலா அப்ராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சின்னவனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிப்படிக்கு ஓடினாள். சிபானா முன்னால் ஓடிவிட்டாள். தண்ணீர் இடுப்பளவு வந்தபோது பிடித்திருந்த கை வழுகிவிட்டது. இடுப்பில் இருந்தவள் வழுகவில்லை. "நடக்க ஏலாத புள்ளய உடாதவள்" என்று ஊரே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கொண்டாடியதுடன் சரி, ஒரு நாளைக்கு அப்ராவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு பெண்ணின் பேரில் இருக்க வேண்டும். கடல் எடுத்த வீட்டுக்குப் பதிலாக ஜெமீலாவுக்கு வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது இரண்டு அறையுள்ள ஒரு வீடு. சிபானாவுக்கு அக்கரைப்பற்றில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் பஸாலை மாப்பிள்ளை பேசிவந்தபோது, ஜெமீலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வீடு சிபானாவுக்கு. முன்னறை அப்ராவுக்கு, அவள் கண் மூடும்வரை.

"முன்னறையா?" என்றார் மாப்பிள்ளையின் தாய் சல்மா உம்மா. "ஊட்டுக்கு வாற மனுசர் முதல்ல காணுறது அதத்தானேகா."

"ஓம். காணட்டுமே" என்றாள் ஜெமீலா.

பஸால் நல்ல பிள்ளை. "மாமி, சிபானாட ராத்தா எனக்கும் ராத்தாதான். நான் பாப்பன்" என்றான். சல்மா உம்மா மட்டும் யோசித்துச் சொல்வதாக எழுந்து போனார். ஊமைப் பிள்ளையோ விசர்ப் பிள்ளையோ, கட்டிலில் கிடந்து எல்லாம் செய்யுமோ என்று அவர் நாலு வீட்டில் விசாரித்தார். எங்கள் வீட்டிலும் விசாரித்தார்.

அப்போது பாண்டிருப்புப் பக்கம் ஒரு பகல் நிலையம் நடந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, நடக்க ஏலாதவர்களையும் புத்தி மட்டானவர்களையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக. வியாழக்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து சமைப்பார்கள். முதலில் ஊர் சிரித்தது. "மிச்சம் இருந்தா எங்களுக்கும் அனுப்புங்க" என்று வானுக்குப் பின்னால் கத்திய ஆம்பிளைகளும் இருந்தார்கள். உண்மையாகவே மிச்சம் அனுப்பியபோது சட்டியை வழித்துத் தின்றார்கள்.

நிலையத்தை நடத்திய கஜனி மிஸ் மெலிந்த பிள்ளை; குரல் மட்டும் பெரிது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை பழக்கியிருந்தாள். அப்ராவுக்குத் தேங்காய் துருவுகிற வேலை. உடம்பை இழுத்து இழுத்தே வளர்ந்த கையல்லவா, ஒரு பாதியைப் பிடித்தாளென்றால் சிரட்டைதான் மிஞ்சும். அடுப்புப் பார்க்கவும், உட்கார்ந்தபடி சோறு ஆக்கவும் பழகிவிட்டாள். கிண்டுகிற வேலை கிசோக்குக்கு. அவன் பாண்டிருப்புப் பையன். உடம்பு முப்பது வயது, மனசு ஆறு வயது. ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தமாட்டான். ஒருதரம் முற்றம் கூட்டச் சொல்லிவிட்டு மிஸ் மறந்துபோனதில் பக்கத்து வளவையும் கூட்டி முடித்திருந்தான்.

அந்த ஆடி மாதம் கடற்கரையில் சமைப்பதென்று மிஸ் முடிவெடுத்தாள். சண்டை முடிந்ததால் கரையில் பத்துப் பேர் கூடினால் ஏன் என்று கேட்கிற ஆள் குறைந்திருந்தது. ஜெமீலா அதைக் கேட்டதும் சல்மா உம்மாவுக்கும் பஸாலுக்கும் ஆள் அனுப்பினாள். அப்ரா சும்மா கிடக்கிற பிள்ளை இல்லை என்பதை அவர்கள் கண்ணால் கண்டால் முன்னறை விசயம் முடிந்துவிடும் என்பது அவள் எண்ணம். சிபானாவும் கூட வந்தாள். சாமான் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஒருவரும் கேட்கவில்லைதான்.

சக்கர நாற்காலி மணலில் புதைந்தது. பஸாலும் கிசோக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்ராவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று கல் வைத்து, கிடாரம் ஏற்றி, பால்புக்கை, சக்கரை போட்ட தேங்காய்ப்பால் சோறு. இரண்டு சனமும் தின்கிற சாப்பாடு, அதனால் சண்டையில்லை. அப்ரா துருவினாள், பிழிந்தாள், இன்னும் கொஞ்சம் விறகைத் தள்ளு என்று அதிகாரம் பண்ணினாள். சல்மா உம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"கை நோகாதா புள்ள?"

"கால்தான் மாமி சும்மா இரிக்கி. கையும் சும்மா இருந்தா மனுசர் என்ன செல்லுவாங்க?"

"வாய் எப்பிடி?"

"அதுக்கு லீவே இல்ல மாமி."

சல்மா உம்மா சிரித்துவிட்டார். திரும்பி ஜெமீலாவிடம், "முன்னறையில சன்னல் இரிக்காகா? புள்ளக்கி வெளிச்சம் வேணுமே" என்றார். ஜெமீலாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஐந்து வருசமாக இறுகிக் கிடந்த முகம். அதில் பல் தெரிந்தது.

"கிசோக், கிண்டுறத உடாத. உட்டா அடிப்பிடிச்சிரும்" என்றாள் கஜனி மிஸ்.

"ஓம் மிஸ்."

ஜெமீலா சக்கரைப் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அதே நேரம்தான் ஒழுங்கைக்குள்ளிருந்து ஒரு பொம்பிளை, தலையில் முக்காடில்லாமல், போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தாள்.

"கட்டார்லருந்து அவரு எடுத்திரிக்காரு. கடலுக்கடியில நடுங்கினதாம். கடல் வருகுதாம்."

வீட்டுக்கு ஒருவர் கட்டாரில் இருக்கிற ஊர் இது. எங்கள் கடலைப் பற்றிய செய்தி அங்கே போய்த்தான் இங்கே வரும். அது உண்மையா என்று திருப்பிக் கேட்க ஒருத்தர் நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு எங்களுக்குக் காது தேவையில்லை, கால்தான் கேட்கும். முழங்கால் வலிக்காரியான சல்மா உம்மா குடையை எறிந்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் போனார். கஜனி மிஸ் இரண்டு பிள்ளைகளை இரண்டு கையில் இழுத்துக்கொண்டு ஓடினாள். நடக்கக்கூடிய பிள்ளைகளை அவரவர் தாய்மார் இழுத்துக்கொண்டு போனார்கள். பஸால் சிபானாவின் மணிக்கட்டைப் பிடித்தான். நானும் ஓடினேன்.

ஜெமீலாவும் ஓடினாள்.

பிரதான வீதிக்கு வந்து, மூச்சு வாங்கி, பின்னால் தண்ணீர் வரவில்லை என்று கண்ட பிறகுதான் ஆட்கள் ஆட்களைத் தேடினார்கள். ஜெமீலா மதகுக் கட்டில் கைவைத்துக் குனிந்து நின்றாள். மற்றக் கையால் எதையோ மார்போடு இறுக்கி அணைத்திருந்தாள். கஜனி மிஸ் அவளிடம் வந்து, "அப்ரா எங்க?" என்றாள். ஜெமீலா குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். சக்கரைப் பை.

அவள் திரும்பி ஓடினாள். இருதயக் கோளாறுக்காரி ஓடக்கூடாத ஓட்டம். நாங்கள் பின்னால் போனோம், கொஞ்சம் மெல்ல, கடலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு.

கடல் எப்போதும் போலத்தான் கிடந்தது. நாற்காலி சரிந்து கிடந்தது. அப்ரா அதிலிருந்து இறங்கி உடம்பை மணலில் இழுத்துவந்து அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள், முழங்கையெல்லாம் சிராய்ப்பு. எரிகிற விறகைக் குறைத்து, தணலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கிசோக் கிண்டிக்கொண்டிருந்தான்.

ஜெமீலா அவளுக்கு முன்னால் விழுந்தாள்.

அப்ரா அவளுடைய கையைப் பார்த்தாள். "சக்கரையத் தாங்க உம்மா. அதுக்குத்தான் பாத்துட்டிருக்கம்."

"மகள்..."

"தள்ளி இரிங்க. நெருப்பு."

அப்புறம் புக்கை நன்றாகவே வந்தது. ஒரு பருக்கை அடிப்பிடிக்கவில்லை. அப்ராதான் ஒவ்வொருத்தருக்கும் கோப்பையில் போட்டுக் கொடுத்தாள், சல்மா உம்மாவுக்கு முதல். எல்லாரும் வாங்கிக்கொண்டு நின்றோம். கிசோக் மட்டும் மூன்று தரம் வாங்கித் தின்றான். பிறகு வானுக்குள் ஏறும்போது அவனிடம் மெல்ல விசாரித்தேன், நாங்கள் போன பிறகு என்ன நடந்ததென்று.

"அப்ராக்கா என்னையும் ஓடச் சொன்ன. மிஸ் நிப்பாட்டச் சொல்லல்லயே. நான் ஓடல்ல."

"பிறகு?"

"பிறகு அவ கண்ண மூடிக் கலிமா சொன்ன. அலை வரல்ல. விறகக் குறைடா எண்ட. எனக்கு நெருப்புக்குப் பயம், அப்ப அவவே இறங்கி வந்த."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் சண்டை. ஜெமீலா பஸாலைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா எண்டான். பாப்பன் எண்டான். தூக்கிக் கொண்டுபோனவனுக்குத் தூக்கிக் கொண்டுவரத் தெரியல்லியா? எங்கிட புள்ளய மண்ணில போட்டுட்டு ஓடினவன் எனக்கு வேணாம். நாளைக்கே ஆள் அனுப்புறன்."

சிபானா அழுதாள். பஸால் வாசலில் செருப்போடு நின்றான்; உள்ளே வா என்றும் அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அத்தனை ஏச்சையும் நின்றபடியே வாங்கிக்கொண்டான். நல்ல பிள்ளை என்று சொன்னேனே.

அப்ராவின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"அவருக்கு ஏன் உம்மா ஏசுறீங்க? அவரு உங்களுக்குப் பிறகு ரெண்டாவதா ஓடினவரு."

நான் கிடுகுக்கு இன்னும் கிட்டப் போனேன்.

"நான் குத்திக் கதைக்கல்ல" என்றாள் அப்ரா. "இண்டைக்கு நீங்க செஞ்சதுதான் சரி. அண்டைக்குச் செஞ்சதுதான் பிழை. அண்டைக்கு என்ன உட்டிருந்தா தம்பி இருந்திருப்பான். இப்ப உங்களப் பாக்க ஒரு ஆள் இருந்திருக்கும். கலியாணத்தச் செய்ங்க. முன்னற எனக்கு வேணாம்."

ஜெமீலா பதில் சொல்வாள், ஒரு அறை விடுவாள், கட்டிப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். பாயை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆள் அனுப்பியது மாப்பிள்ளை வீட்டுக்கல்ல, நிக்காஹ் முடித்துவைக்கிற லெப்பைக்கு. சல்மா உம்மா எதையும் கேட்கவில்லை, ஜெமீலா எதையும் சொல்லவில்லை. சன்னல் கதை பிறகு எழவே இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. வீடு சிபானாவின் பேருக்குப் போனது. ஜெமீலாவும் அப்ராவும் பின்னால் அடுப்புக்கென்று தகரம் போட்ட குசினிக்குள் குடிபோனார்கள். பஸால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இறைச்சி கொண்டுவந்து வாசலில் வைப்பான். உள்ளே எட்டிப்பார்க்க அவனுக்கு முகமில்லை.

பகல் நிலையமும் நெடுநாள் ஓடவில்லை. அந்த வியாழனுக்குப் பிறகு பாதித் தாய்மார் பிள்ளைகளை அனுப்பவில்லை. பயத்தால் இல்லை, கரையில் யார் யாரை எப்படி விட்டு ஓடினார்கள் என்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது கஷ்டம். அடுத்த வருசம் நிறுவனம் வன்னிக்குப் போனது. அங்கே நொண்டியானவர்கள் நிறைய என்று கேள்வி. கஜனி மிஸ் விடைபெற வந்து அரை மணி நேரம் அழுதாள். கிசோக் சில வியாழக்கிழமைகளில் வான் வரும் இடத்தில் வந்து நின்றான். ஒருவரும் அவனுக்கு நிறுத்தச் சொல்லவில்லைதானே.

ஜெமீலா இப்போது ஒரு இடத்துக்கும் போவதில்லை. கலியாண வீடு, மவுத்து வீடு, கத்தம், எதற்கும் இல்லை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி இருக்கிறாள். விசிறுவாள், தலை வாருவாள், தண்ணீர் வேணுமா என்று ஓயாமல் கேட்பாள். அப்ரா வேணாம் என்பாள். உடம்பை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் தானே போவாள், சோற்றைத் தானே ஆக்குவாள், அடுப்பூதுவதும் தானே. உம்மாவின் முகத்தைப் பார்த்து அவள் பேசி நான் கண்டதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வேலியால் எட்டிக் கேட்டுவிட்டேன். "ஏன் புள்ள, அவ உனக்காகத்தானே கிடந்து சாகிறா. ஒரு கிளாஸ் தண்ணிதான் அவட கையால வாங்கிக் குடிச்சா என்ன?"

அப்ரா கோபப்படவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கோவம் ஒண்டும் இல்ல மாமி. உம்மா இல்லாத நேரத்துக்குப் பழகிறன்."

ஜெமீலா கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு தூரம் இல்லை. கழுவிய கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவினாள்.