பூட்டிய புல்

நகராண்மைக் கழக லோரி ரந்தாவ் பாடாங்குத் திடலில் வெட்டிய புல்லை எங்கள் ரப்பர் தோட்டத்து வாசலில் கொட்டிவிட்டுப் போகும். என் இரண்டு பசுக்களும் அதைத் தின்றுதான் பால் கொடுத்தன. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. குப்பைதானே.

எண்பத்து நான்கில் தோட்டமும் கழகமும் சேர்ந்து எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி ஒன்றைக் கட்டின. புல்லை அதில் ஊறவைத்தால் எரிவாயு வருமாம். குழாய் வழியாக லயத்து அடுப்புகளுக்கு விடுவார்களாம். புல்லைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டினார்கள். தொட்டியில் புல் போடும் வேலையும் சாவியும் நீலாவதிக்கு.

நீலாவதி என் கணவரின் அண்ணன் மனைவி. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மாமியார் செத்தபோது நான் அழவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவள். அதிலிருந்து பேச்சில்லை. மாட்டுக்காக நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"ஒரு கட்டு குடுக்கா. மாடு பட்டினியா நிக்குது."

"கவர்மெண்டு புல்லுடி. உன் மாட்டுக்கு வேணும்னா காட்டுல போய் அறு."

சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்திருந்தாள்.

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கிவிட்டு வந்து, வெயிலில் புல் அறுத்தேன். போதவில்லை. ஒரு பசுவுக்குப் பால் வற்றியது. இரண்டையும் விற்றுவிடலாம் என்றார் என் கணவர். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடி காட்டுக்குப் போனேன்.

முதல் குழாய் நீலாவதி வீட்டுக்கு வந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜு என்னிடம் வந்தார்.

"புது அடுப்புல பால் பொங்கணும்ல வள்ளி. டின் பால் ஊத்துனா நல்லாவா இருக்கும்?"

"அவ கேக்கச் சொன்னாளா?"

"அவ கேப்பாளா லா? நாந்தான்."

பாலை நானே கொண்டுபோனேன். பொங்காமல் போவதைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

நீலச் சுடர் விரல் உயரம்கூட எழவில்லை. லயமே அடுப்பைப் பார்த்து நின்றது. பாலில் ஆடை படிந்தது, லேசாக நடுங்கியது, அடங்கியது. சுடர் அணைந்தது.

"கண்ணு வச்சிட்டா," என்றாள் நீலாவதி, என்னைப் பார்க்காமல்.

"வச்சேன்தான். உன் அடுப்புல நெருப்பத்தான் காணோம்."

யாரோ சிரித்தார்கள். சிரம்பானிலிருந்து வந்திருந்த விசுவநாதன், தொட்டியைக் கட்டியவர், போய்த் திறந்து முகர்ந்துவிட்டு வந்தார். வெறும் புல் புளித்துப் போகிறது, தினமும் புதுச் சாணி கலந்தால்தான் வாயு வரும் என்றார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இனித்தது.

"சாணி தர்றேன். அதுக்குப் புல்லு வேணும். அவதான் வந்து தெறந்து குடுக்கணும்."

"பிச்சக்காரி மாதிரி வேலிகிட்ட வந்து நிப்ப," என்றாள்.

"நிப்பேன். நீ என் மாட்டுச் சாணிய தூக்குவ."

தினமும் காலையில் நிற்கிறேன். சாணிக் கூடையை அவள் காலடியில் வைப்பேன், ஒரு சாண்கூட உள்ளே தள்ளமாட்டேன். அவள் புல்லைச் சேறு பார்த்து வீசுவாள். பொறுக்கிக்கொள்வேன். வற்றிய பசு மறுபடி சினையாகியிருக்கிறது.

விடிவதற்கு முன்பே சுவருக்கு அப்பால் அவள் அடுப்பு சீறும். கண்ணை மூடிக் கேட்டபடி படுத்திருப்பேன். என் கூடை போகாவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அந்த நினைப்பே அன்றைக்கு எழுந்திருக்கப் போதுமானது.

கொட்டகையில் என் பசு பசியில் கத்தும். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள், சாவியைத் தடவியபடி.