கலுவைட் ஏறாத கூரை

என் வீட்டுக்காரர் லோதாரின் வால்நட் மரத்தை வெட்டவைத்தவர் எங்கள் தோட்டச் சங்கத் தலைவர் கலுவைட். நான்கு வருஷம் ஆகிறது. அதே மனிதரை பெர்லினின் ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்து மொட்டைமாடி உணவகத்துக்குக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போக எல்லா ஏற்பாடும் செய்தவள் நான்.

"என்னடி ரெனாட்டே, அந்த ஆளை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டாள் பக்கத்துத் தோட்டத்து உல்லா.

"சங்கத்து வேலை, செய்றேன்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? வயிறு எரிகிறது என்பதை நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் ஆறிப்போய்விடுமோ என்று பயம்.

ரயில் பாதையை ஒட்டிய குயில்மேடு தோட்டச் சங்கத்தில் மொத்தம் தொண்ணூற்றாறு தோட்டங்கள். ஆளுக்கொரு துண்டு நிலம், ஒரு மரக்குடிசை, ஒரு செடிவேலி. அதோடு முப்பத்தெட்டு பக்க விதிமுறைப் புத்தகம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது. கோழி கூடாது. வேலி இடுப்புக்கு மேல் வளரக் கூடாது. பதினாறாம் பக்கத்தில், வால்நட் மரம் கூடாது.

எங்கள் வால்நட்டை லோதார் நடக்கூட இல்லை. ஏதோ ஒரு காகம் புதைத்துவிட்டு மறந்துபோன கொட்டை அது. முளைத்து வந்ததைப் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்தில் வளர்ந்து குடிசைக்கே குடை பிடித்தது. மூன்று தலைவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்து எங்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். நான்காவதாக வந்தார் கலுவைட். கடைத் தராசுகளைச் சோதிக்கும் அரசு வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த முதல் மாதமே அளவு நாடாவோடு கிளம்பிவிட்டார்.

அப்போது லோதாருக்கு நுரையீரலில் நோய் முற்றியிருந்தது. கோடை வரை தாங்குவார் என்றார் டாக்டர். வால்நட் சோம்பேறி மரம், மற்றதெல்லாம் துளிர்த்த பிறகு மே மாதம்தான் இலை விடும். அந்த இலைக்கடியில் ஒரு தடவை படுக்க வேண்டும், லோதார் கேட்டது அது ஒன்றுதான். கலுவைட்டின் கடிதமோ பிப்ரவரி முடிவதற்குள் வெட்டச் சொன்னது. மார்ச்சில் பறவைகள் கூடு கட்ட ஆரம்பித்துவிடும், பிறகு வெட்டக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி இருந்தது.

பிளம் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்டோபர்ல நானே ஆள் வெச்சு வெட்டிடறேன், ஹெர் கலுவைட். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். அவருக்கு அவ்வளவு நாள்கூட இல்லை."

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஃப்ராவ் ஷோபெல். ஆனா ஒருத்தருக்காக நான் கண்ணை மூடிக்கிட்டா, மத்த தொண்ணூத்தஞ்சு பேருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். கேக்கையும் வாங்கிக்கொள்ளவில்லை. பதவியில் இருப்பவர் பரிசு வாங்கக் கூடாதாம்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி மரம் விழுந்தது. மே பதினொன்றாம் தேதி லோதார் போனார். கடைசி வாரத்தில் அந்த அடிக்கட்டைக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். வெயிலில் கண் கூசவே, முகத்தை என் தொப்பியால் மூடிக்கொண்டார்.

அதற்கடுத்த வருஷம் சங்கச் செயலாளர் பதவிக்கு யாரும் முன்வரவில்லை. நான் கையைத் தூக்கினேன். மற்றவர்கள் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள். நான் எதற்காகத் தூக்கினேன் என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. அந்த ஆளின் பக்கத்திலேயே இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் மாட்டாமலா போவார் என்று இருந்திருக்கும்.

மாட்டினார். இந்த மே மாதம் சங்கத்துக்கு எழுபத்தைந்து வயது. கொண்டாட்டத்தைப் பொதுக்குழு என் தலையில் கட்டியது. அதோடு கலுவைட்டின் சேவைக்காக வட்டாரச் சம்மேளனம் தங்க ஊசி குத்தப்போவதாகச் செய்தி வந்தது. கோட்டில் குத்திக்கொள்ளும் பட்டாணி அளவு மரியாதைதான். ஆனால் அந்த மனிதர் அதற்காகப் புது கோட்டே தைத்துக்கொண்டார். எங்கே சாப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது, "ரைக்ஸ்டாக் மாடியில வெச்சிக்கலாமே. நாட்டோட சட்டமெல்லாம் போடற இடம், தலைவருக்குப் பொருத்தமா இருக்கும்" என்றேன். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. நான் அப்போது கிண்டலாகத்தான் சொன்னேன், வேறு எண்ணம் இல்லை.

எண்ணம் வந்தது மூன்று வாரம் கழித்து. அந்த மாடிக்குப் போக நினைத்தவுடன் போய்விட முடியாது. வருகிறவர்களின் முழுப் பெயர், பிறந்த தேதி எல்லாம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அன்றைக்கு வாசலில் செல்லுபடியாகும் அடையாள அட்டை காட்ட வேண்டும். பதினான்கு பேரின் விவரத்தை நான் சேகரித்தேன். பதின்மூன்று பேர் தொலைபேசியில் சொன்னார்கள். கலுவைட் மட்டும் நேரில் வந்து அட்டையை மேஜையில் வைத்தார்.

"வாயால சொன்னா தப்பு வரும். பார்த்தே எழுதிக்குங்க."

பார்த்தே எழுதினேன். பிறந்த தேதிக்குச் சற்றுக் கீழே இன்னொரு தேதி இருந்தது. அட்டை காலாவதியாவது ஏப்ரல் முப்பது. எங்கள் விருந்தோ மே எட்டு.

அட்டை என் கையில் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். சொல்லியிருந்தால் நகர அலுவலகத்துக்குப் போய், அங்கேயே காத்திருந்து, தற்காலிக அட்டை ஒன்று வாங்கியிருப்பார். பாஸ்போர்ட் அவரிடம் கிடையாது. விடுமுறைக்குப் பால்டிக் கடலோரத்துக்கு மேல் போகாதவருக்கு அது எதற்கு?

"நன்றி, ஹெர் கலுவைட்" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏமாற்றவில்லை நான். அழைப்புக் கடிதத்தில் "செல்லுபடியாகும் அடையாள அட்டை அவசியம்" என்று தடித்த எழுத்தில் அடித்திருந்தேன். அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டவும் செய்தேன். அவர் அந்த வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு, "கவனம் தேவை" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

மே எட்டாம் தேதி காலை எட்டரைக்கு எல்லோரும் பாதுகாப்புச் சோதனைக் கூடத்தின் முன் வரிசையில் நின்றோம். நல்ல வெயில், கொஞ்சம் காற்று. கலுவைட் புது கோட்டில், தலையை நீர் தொட்டு வாரிக்கொண்டு, முதல் ஆளாக நின்றார். அவர் தாத்தாவானவர், எழுபத்திரண்டு வயது என்றெல்லாம் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அப்புறம் சாய்வு நாற்காலியும் தொப்பியும் தோன்றின.

காவலர் இளைஞர். அட்டையைப் பார்த்தார், திருப்பினார், மறுபடியும் பார்த்தார்.

"மன்னிக்கணும். இது போன வாரமே காலாவதி ஆயிடுச்சு."

"அப்படி இருக்காது" என்று வாங்கிப் பார்த்தார் கலுவைட்.

உல்லாவால் சும்மா இருக்க முடியுமா? "ஐயோ, என் வேலியை மூணு சென்டிமீட்டர் கூடன்னு கண்டுபிடிச்ச கண்ணு, இந்தத் தேதியைக் கண்டுபிடிக்கலையே!" என்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சம்மேளனத் தலைவி டாக்டர் லிண்டெக்விஸ்ட் அம்மா காவலரிடம் கெஞ்சிப் பார்த்தார். "இன்னிக்கு விழாவே இவருக்குத்தாங்க." காவலர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். கலுவைட் வரிசையிலிருந்து தானே விலகி நின்று, "நீங்க போங்க, மேஜைக்கு நேரம் குறிச்சிருக்கு" என்றார். அவர் முகத்தை நன்றாகப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்குள் என் முறை வந்துவிட்டது.

மேலே எல்லாம் அமர்க்களமாக இருந்தது. கண்ணாடிக் குவிமாடம் பக்கத்திலேயே, சுற்றிலும் ஊர். மூன்றடுக்குத் தட்டுகளில் பாலாடைக்கட்டி, புகையூட்டிய மீன், பழம். சூடான ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, ஆளுக்கொரு கோப்பை நுரைக்கும் திராட்சை மது. நடுவில் கலுவைட்டின் நாற்காலி காலி. முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டி உடைத்தேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கீழேயே கிடந்தது. அவர் துடிப்பதைப் பார்க்காமல் இது என்ன பழிவாங்கல்?

"பாவம், இந்த ஊசியை யாராவது கொண்டுபோய்க் குடுத்தா தேவலை" என்றார் லிண்டெக்விஸ்ட் அம்மா.

"நான் போறேன்" என்று எழுந்துவிட்டேன்.

வாசலுக்கு எதிரே புல்வெளி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கலுவைட் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஊசிப் பெட்டியை நீட்டினேன். திறந்து பார்த்தார், கோட்டில் நேராகக் குத்திக்கொண்டார்.

"நல்ல பையன் அந்தக் காவலர்" என்றார். "விழா நாயகன்னு சொன்னாங்க, அசரலை பாருங்க. இப்படித்தான் இருக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். "அட்டையை மேஜையில வெச்சீங்களே, அன்னிக்கே தேதியைப் பார்த்துட்டேன். வேணும்னேதான் சொல்லலை."

மெதுவாக மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லோதார் மரத்துக்காகவா?"

"ஆமா."

"புரியுது. ஆனா என் அட்டையை நான்தானே பார்த்துக்கணும்? உங்க மேல தப்பு இல்லை, ஃப்ராவ் ஷோபெல். கடிதத்துல தடிச்ச எழுத்துல போட்டிருந்தீங்களே." புன்னகைகூடச் செய்தார்.

நான்கு வருஷம் காத்திருந்து நான் குத்திய கத்தி இந்த ஆளுக்குத் தாலாட்டாக இருந்திருக்கிறது! இப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வீட்டில் வால்நட் முளைத்திருந்தால் அதையும் வெட்டியிருப்பார், பெண்டாட்டி படுக்கையில் கிடந்தாலும் வெட்டியிருப்பார். விதியைக் காட்டி இவரை நோகடிக்க யாராலும் முடியாது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உல்லாவோட அட்டை போன வருஷமே காலாவதி ஆனது" என்றேன். "அவங்களை உள்ள விட்டுட்டாங்க."

சுத்தப் பொய். உல்லாவின் அட்டை புத்தம் புதிது.

ஆப்பிளைக் கடிக்கப் போனவர் நிறுத்தினார். "விட்டுட்டாங்களா?"

"சிரிச்சுப் பேசினாங்க, அந்தப் பையன் சரி போங்கன்னுட்டான். இப்ப மேல ரெண்டாவது முட்டை சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"அதே காவலரா?"

"அதே காவலர்தான்."

நெற்றி முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஆப்பிள் புல்லில் விழுந்தது. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். கோட்டிலிருந்து ஊசியைப் பிடுங்கினார். புதுத் துணி கிழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஊசியை என் உள்ளங்கையில் திணித்தார்.

"அப்போ எனக்கு மட்டும் ஏன்?" என்றார். குரல் உடைந்து, சின்னப் பிள்ளையின் குரலைப் போல வந்தது. "சொல்லுங்க ஃப்ராவ் ஷோபெல், எனக்கு மட்டும் ஏன்?"

வெட்டும் ரம்பத்தின் சத்தம் நின்ற அன்று மாலை, லோதாரும் கட்டிலிலிருந்து என்னிடம் இதையேதான் கேட்டார். ராத்திரி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கலுவைட்டின் கையை நான் பிடிக்கவில்லை. அவர் புகார் எழுதச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியபடி காவலரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். உண்மையைச் சொல்லி அவரை நிறுத்த இன்னும் நேரம் இருந்தது. நான் என் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, மேலே போவதற்கு வரிசையில் நின்றேன்.