தேசப்பனுக்கு எட்டுப் பாட்டு

எட்டாவது பாட்டின் பதிவு நான்காவது முறையாகக் கெட்டுப்போனபோது, புஷ்பலதா கிடாரை மடியிலிருந்து இறக்கிவிட்டு ஜன்னலை முறைத்தாள். கம்பளியும் பழைய மெத்தையும் வைத்து அடைத்த ஜன்னல்தான். படித்திருவிழாவுக்கு வந்திருந்த பஜனைக் குழுவின் ஒலிபெருக்கிக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? மத்தியானம் இரண்டரை மணிக்கு, கடைசி சுரம் மெல்ல அடங்குகிற நேரமாகப் பார்த்து, "அலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒருவன் அவள் பாட்டுக்குள் நுழைந்துவிட்டான்.

"அதையும் சேத்தே போட்டுடு. திருத்தணி ஜாஸுன்னு தெரியட்டும்," என்றான் டில்லிபாபு, அவள் கணவன். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அன்று அவனுக்கு விடுமுறை என்பதால் கணினியின் பக்கத்தில் உட்கார்ந்து பதிவுப் பொத்தானை அமுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிப்பு வரல பாபு."

இடது சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்று இழுத்தது. அந்தப் பாட்டு அப்படி. விரல்களை அகட்டி வைத்து, அகட்டிய நிலையிலேயே ஓட வேண்டும். ஒரு மாதம் கிடாரைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. அவள் ஒரு நாள்கூட விடவில்லை.

சனி ஞாயிறுகளில் சென்னை ஹோட்டல்களில் ஜாஸ் வாசிப்பாள். மற்ற நாட்களில் கணினி வழியே பிள்ளைகளுக்குக் கிடார் வகுப்பு. முப்பத்தொன்பது வயதில் முதல் ஆல்பம், அதுவும் தன் பாட்டல்ல, தேசப்பனுடையது. கல்லூரியில் படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் பழைய கேசட் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தவளின் கையில், "தேசப்பன் - கிடார்" என்று பேனாவால் எழுதிய ஒரு கேசட் அகப்பட்டது. எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸ் ஹோட்டல் ஒன்றில் பிடித்த பதிவு. எட்டும் அவரே கட்டிய பாட்டுகள். அந்த வேகத்தை அவள் வேறு எங்கும் கேட்டதில்லை. இருபது வருடம் அதைத் துரத்தித் துரத்தியே அவள் கை தேறியது. ஆள் என்ன ஆனார் என்று கேட்காத இடமில்லை. செத்துப்போயிருப்பார் என்றார்கள்.

போன வாரம், கூட வாசிக்கும் பழைய டிரம்ஸ்காரர் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: "தேசப்பனா? உங்க ஊர்ப் பக்கந்தாம்மா. திருவாலங்காட்ல கரும்பு வெச்சிருக்காரு."

அரைமணி நேரப் பயணம். இருபது வருடமாக அரைமணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறார்.

பதிவு கெட்டுப்போன மறுநாள் காலை டில்லிபாபுவின் பைக்கில் கிடாரையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். வயலில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வரப்போரம் லாரி நின்றது. தலையில் துண்டு கட்டிய மெலிந்த கிழவர் ஒருவர், கட்டு கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு நைனா, ஆலையிலருந்தா?" என்றார் டில்லிபாபுவைப் பார்த்து.

"இல்லீங்க. இவங்க கிடார் வாசிக்கிறவங்க. உங்க பாட்டெல்லாம் ஆல்பமா போடறாங்க."

"என் பாட்டா?"

புஷ்பலதா பேச்சை யோசித்து வைத்துக்கொண்டுதான் போயிருந்தாள். அதை விட்டுவிட்டு, ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். அவள் வாசித்து முடித்திருந்த ஏழில் சிறந்தது என்று அவள் நினைத்த மூன்றாவது பாட்டு, கரும்புத் தோகைகளுக்கு நடுவே ஓடியது.

தேசப்பன் இடுப்பில் கைவைத்துக் கேட்டார். பாதியிலேயே கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

"இன்னாத்துக்கும்மா இப்டி ஓடிகினு கீறே? பின்னால யாரானா தொரத்தறாங்களா?"

"நீங்க வாசிச்ச வேகந்தாங்க ஐயா. கேசட்ல அப்டித்தான் இருக்கு."

"எந்த ஸ்கேல்ல வாசிக்கிற?"

"எஃப்."

"நான் வாசிச்சது ஈ. எட்டும் ஈ தான். எனக்கு வேற ஸ்கேல் அவ்ளோவா சரிப்படாது." அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "அந்த ஓட்டல்காரன் வெச்சிருந்த ரெக்கார்டிங் டெக்கு மெதுவாச் சுத்தும், அதுல பிடிச்சத வெளியில எங்க போட்டாலும் வேகமாத்தான் ஓடும். அரை சுரம் ஏறி, ஈ எஃபா நிக்கும். எங்க ஆளுங்கெல்லாம் அதக் கேட்டுச் சிரிச்சிருக்கோம்."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவளுடைய கிடாரை வாங்கினார். எட்டாவது பாட்டின் முதல் நாலு வரியை வாசித்தார். பாதி சுரங்கள் விரலே வைக்காத வெறும் தந்திகளில் ஒலித்தன. அகட்டலும் இல்லை, ஓட்டமும் இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது. லாரி டிரைவர் கூப்பிட, வரியை முடிக்காமலே கிடாரைத் திருப்பிக் கொடுத்தார்.

"எஃப்ல இதப் பிடிக்கணும்னா வெரல் போயிடுமே. வலிக்கல?"

அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "இருபது வருஷமா வலிக்குதுங்க."

"நான் கேக்கச் சொன்னனா?"

"ஆல்பத்துக்கு உங்க பேருதான் வெக்கப் போறேன்."

"பாட்ட வாசிச்சிக்கோ. பேரு வாணாம். தப்பாப் போட்டுட்டு என் பேரப் போட்டா, என்கூட வாசிச்சவன் ஒருத்தன் உசுரோட இருந்தாலும் சிரிப்பான்."

அவர் லாரியை நோக்கி நடந்துவிட்டார். டில்லிபாபு பின்னாலேயே ஓடி, ஏழு பாட்டும் உள்ள பென்டிரைவை அவர் சட்டைப் பையில் திணித்து, போன் நம்பரும் வாங்கிக்கொண்டு வந்தான்.  திரும்பும் வழியில், வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று புஷ்பலதாவுக்குத் தோன்றியது. கரும்பு வெட்டுகிற இடத்தில் ஒரு கிழவர் முன்னால் நின்று அழுவதைவிட, மோட்டார் பழுதான ஒரு டெக்குக்காக அழுவது இன்னும் கேவலமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேசட் பதிவைக் கணினியில் நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் குறைத்தான் டில்லிபாபு. கேட்டார்கள். தேசப்பன் நிதானமானவர், இனிமையானவர். நன்றாகத்தான் இருந்தது. அவள் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட அந்த மனுஷன் மட்டும் அதில் இல்லை.

"ஈ-லயே வாசிச்சிடு. கையும் பொழைக்கும், அவரும் ஒத்துக்குவாரு," என்றான்.

வாசித்தாள். முதல் முறையிலேயே, ஒலிபெருக்கிகூட குறுக்கிடாமல், பொட்டுத் தவறில்லாமல் முடிந்தது. போட்டுக் கேட்டபோது ஹோட்டல் லிஃப்டில் கேட்கிற சங்கீதம் மாதிரி இருந்தது. அழித்துவிட்டாள்.

"இன்னா பண்ற லதா? நல்லாத்தானே இருந்துச்சு!"

"நல்லா இருந்துச்சு. என்னுது இல்ல. அவருதும் இல்ல."

மூன்று நாள் அப்படியே போனது. படித்திருவிழா முடிந்து தெரு அடங்கியது. நாலாம் நாள் காலை அவள் பழையபடி எஃப் ஸ்கேலில் உட்கார்ந்தாள். பதினோராவது முறையில் பாட்டு பிடிபட்டது. முடித்தபோது சுண்டுவிரலை மடக்க முடியவில்லை. அந்தக் கையாலேயே தேசப்பனுக்குப் போன் போட்டாள்.

"எஃப்லயேதாங்க போடறேன். உங்க பேரையும் போடறேன். 'தேசப்பன் வாசித்தபடி அல்ல, வேகமாக ஓடிய கேசட்டில் நான் கேட்டபடி'ன்னு அட்டையிலயே எழுதிடறேன். அப்பவும் புடிக்கலன்னா கேஸ் போடுங்க."

"கரும்புக்கே கேஸு நடந்துகினு கீது. இதுக்கு வேறயா?" பின்னால் டிராக்டர் இரைந்தது. "ஏழாவது பாட்டுல, நடுவுல ஒரு எடம். நான் வெரல் தடுக்கி சுரத்த விட்டுட்டுப் போனது. நீ அத அடைச்சிகினு போயிருக்கே."

"ஆமாங்க. அது நல்லால்லையா?"

"அத எப்டி அடைக்கிறதுன்னு நான் ரொம்ப நாளு தேடினேன்," என்றார். தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

"பாராட்டினாரா, திட்டினாரா?" என்றான் டில்லிபாபு.

"தெரியல!" என்று கத்தினாள் அவள். "அந்த ஆளு ஒரு தடவயாவது நேரா ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

தை மாதக் கடைசியில் ஆல்பம் வெளிவந்தது. அந்த வரி அட்டையில் இருந்தது. வழக்கு எதுவும் வரவில்லை, வாழ்த்தும் வரவில்லை. சுண்டுவிரலில் கட்டோடு புஷ்பலதா ஆறு வாரம் ஹோட்டல் வாசிப்பை எல்லாம் ரத்து செய்துவிட்டு வீட்டில் கிடந்தாள். அந்த ஆறு வாரமும் டில்லிபாபு அவளிடம் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.