கேட்காமல் திறந்த கோப்பு

சிவரூபியின் கடைக் கணினி ஒரு சந்தேகப் பிராணி. இணையத்திலிருந்து எதை இறக்கினாலும், திறப்பதற்கு முன் ஒரு பெட்டியைக் காட்டி மறித்துக்கொள்ளும். 'இது வெளியிலிருந்து வந்த கோப்பு. அனுப்பியவரைத் தெரியுமா? திறக்கத்தான் வேண்டுமா?' என்று கேட்கும். பரீட்சை முடிவென்றாலும் கேட்கும், கலியாண அழைப்பிதழ் என்றாலும் கேட்கும். விசுவமடுவில் அவளிடம் போட்டோக்கொப்பி எடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிவரூபி சிரிக்கமாட்டாள். அந்தப் பெட்டி அவளுடைய நெஞ்சை ஆறு தடவை உடைத்திருந்தது.

அவளுடைய கணவன் சதீஸ் 2013இல் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறப் போனவன். ஏஜென்சிக்காரன் அவனை இந்தோனேசியாவில் ஒரு வீட்டில் ஐந்து மாதம் வைத்திருந்தான். அங்கிருந்து சதீஸ் கைபேசி வழியாக முப்பத்தொரு குரல் பதிவுகள் அனுப்பினான். கடைசிப் பதிவில், "நாளைக்கு வெளிக்கிடுறம் ரூபி. போய்ச் சேர்ந்து எடுக்கிறன்" என்றான். பதினோரு வருடமாகிறது, அந்த அழைப்பு வரவில்லை. படகு கரைசேர்ந்தது என்று சொல்லவும் ஆளில்லை, மூழ்கியது என்று சொல்லவும் ஆளில்லை.

அந்த முப்பத்தொரு பதிவுகளும் கணினிக்குள் இருந்தன. அவை முதலில் வந்த கைபேசி மின்கலம் வீங்கிச் செத்துப்போனது. புதுக் கைபேசியில் போட்டுவைக்க அவளுக்கு விருப்பமில்லை. கைபேசி கிணற்றில் விழும், பஸ்ஸில் தவறும். கணினி எங்கே ஓடப்போகிறது என்பது அவளுடைய எண்ணம். ஒரு பென்டிரைவிலும் பிரதி இருந்தது. அதுவும் தொலைந்துவிடக் கூடாதென்று கணினியின் பின்பக்கத்திலேயே எந்நேரமும் செருகி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சதீஸின் தாய் அழகம்மா வீட்டிலிருந்து கடைக்கு வருவார். வீடு என்பது கடையின் பின்னால் இருபது அடி. கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முப்பத்தொன்றையும் ஒழுங்காகக் கேட்பார். மலைநாட்டிலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் இடம்பெயர்ந்து வந்த மனுசி. வன்னியில் இத்தனை வருடம் இருந்தும் அவருடைய பேச்சில் தேயிலைத் தோட்டம் போகவில்லை. பதிவுகள் முடிந்ததும், "புதுசா ஒண்ணும் வரலியா புள்ள?" என்று கேட்பார். "இல்லை மாமி" என்பாள் சிவரூபி. இது ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை.

புதிது வரட்டும் என்றுதான் அவள் முகநூலில் சதீஸின் படத்தைப் போட்டு, படகு வெளிக்கிட்ட நாளையும் தன் மின்னஞ்சல் முகவரியையும் எழுதியிருந்தாள். செய்தி தேடுகிறவளைப் பொய்க்காரன் மோப்பம் பிடித்து வருவான். முதலாவதாக வந்த கோப்பைக் கண்டதும் ஓடிப்போய் மாமியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். சொடுக்கினால் பெட்டி வந்தது. சித்தியின் மகன், கிளிநொச்சியில் கணினி திருத்துகிற வினோதனிடம் தொலைபேசியில் கேட்டாள். "அது கள்ளக் கோப்பு அக்கா, அழியுங்கோ" என்றான். அழகம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு ஒரு மாதம், "நல்லாப் பாத்துத்தான் அழிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வந்த ஐந்தைப் பற்றியும் சிவரூபி அவரிடம் மூச்சுவிடவில்லை. உறுதியாகத் தெரியாமல் மாமியைக் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

கடை போடுவதற்கு முன் அவள் ஏழு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். முகத்துக்கு மறைப்பும் நெஞ்சுக்குக் கவசமும் போட்டு, முழந்தாளிட்டு, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நாளுக்கு ஒரு பாய் அளவு முன்னேறுகிற வேலை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் கால் தானாக நிற்கும். அந்தக் காலோடுதான் கணினி முன்னாலும் வந்து உட்கார்ந்தாள். பெட்டி வந்தால் சிவப்புப் பலகை, அவ்வளவுதான். ஆறு தடவை பலகையைக் கண்டு நின்றாள், ஆறு தடவையும் நின்றது சரியாகவே இருந்தது. போகப் போக மனம் தன்பாட்டில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது: பொய்க்குத்தான் பெட்டி வரும், சதீஸ் உண்மையாகவே அனுப்புகிற நாளில் வராது. கலியாண அழைப்பிதழுக்கும் வந்த பெட்டிதானே என்று நீங்கள் கேட்கலாம். பதினோரு வருடம் ஏங்கிக் கிடந்தவளிடம் போய் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஏழாவது கோப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நல்ல மழை, கடையில் ஒருவரும் இல்லை. 'நானும் உங்கள் கணவரும் ஒரே வீட்டில் தங்கினோம். அவரது குரல் இதில் உள்ளது' என்று மின்னஞ்சலில் இருந்தது. அனுப்பியவன் பெயர் ஜெயந்தன் என்றிருந்தது. தமிழ் கொஞ்சம் ஒட்டவைத்த தமிழாக இருந்தது. அந்நிய தேசத்தில் இத்தனை வருடம் இருந்தவனுக்குத் தமிழ் இப்படித்தான் போகும் என்று அவளே அவனுக்காக வாதாடிக்கொண்டாள். சுருக்கிக் கட்டிய பொதி ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. அதை இறக்கிப் பிரித்தாள். உள்ளே ஒரேயொரு கோப்பு, ஒலிபெருக்கிப் படம் போட்டு, சதீஸின் முழுப் பெயரோடு இருந்தது.

பெட்டி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொடுக்கினாள். வரவில்லை. கணினி ஒன்றுமே கேட்கவில்லை, தெரிந்த ஆளை வீட்டுக்குள் விடுவதுபோலப் பேசாமல் விட்டுவிட்டது. ஒரு கறுப்புச் சதுரம் மின்னி மறைந்தது. பிறகு பாட்டுப் போடும்போது வருகிற கோடு வந்து, பூச்சியத்தில் நின்றது.

சிவரூபி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். ஒலியைக் கடைசிவரை கூட்டினாள். கூரைத் தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று கதவைச் சாத்தினாள். ஒலிபெருக்கியில் காதை வைத்தாள். பெட்டி வரவில்லையென்றால் அவன்தான். உயிரோடு இருக்கிறான். எங்கேயோ ஒரு சிறையில், ஒரு தீவில், எங்கேயாவது. முதலில் இருமுவான், பேசுவதற்கு முன் இருமாமல் அவனுக்கு வராது. "ரூபி" என்பான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பின்னால் குசினியில் மாமி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. கூப்பிட வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். முதல் சொல்லை மட்டும் தனியாகக் கேட்டுவிடுவோம், அந்த ஒன்று எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று ஒரு ஆசை. அப்படியே காதை வைத்தபடி இருந்தாள்.

சத்தம் வரவில்லை. தலையை நிமிர்த்தியபோது திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. கடைக்கு வருகிறவர்களின் படிவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், பிறகு சதீஸ் ஒன்று, சதீஸ் இரண்டு, சதீஸ் மூன்று. எல்லாவற்றின் வாலிலும் விளங்காத எழுத்துகள் ஒட்டின. அவள் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினாள்.

வினோதன் நனைந்து நனைந்து மோட்டார் சைக்கிளில் மத்தியானம் வந்து சேர்ந்தான். இரண்டு மணித்தியாலம் பார்த்தான். முப்பத்தொன்றும் திறக்கவே முடியாதபடி பூட்டப்பட்டிருந்தன. பின்னால் செருகியிருந்த பென்டிரைவும் தப்பவில்லை.

"பெட்டி வரேல்லையடா" என்றாள் சிவரூபி. "சத்தியமா வரேல்லை. வந்திருந்தா நான் தொட்டிருக்கமாட்டன்."

"வந்திராது அக்கா. உங்களில பிழையில்லை." ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "வெளியில இருந்து வாற கோப்புக்கு இந்த இயங்குதளம் ஒரு குறி போடும். குறியைக் கண்டாத்தான் பெட்டி வரும். இப்ப அதில ஒரு ஓட்டை கண்டுபிடிச்சிருக்கிறாங்கள். ஒரு விதமாப் பொதி கட்டி அனுப்பினா, பிரிக்கேக்க குறி கழண்டு விழுந்திடும். வேலியில நாய் பூருற ஓட்டை, பொட்டு இருக்குமெல்லோ, அப்பிடி. படலையில காவல் நிக்குது, ஆள் பொட்டுக்குள்ளால வந்திட்டான்."

"அதை அடைக்கேலாதோ?"

வினோதன் தலை துடைத்த துணியை மடித்தான். "அடைச்சு ரெண்டு மாசமாச்சு, அக்கா. புதுப்பிக்கச் சொல்லி ஒவ்வொரு நாளும் கேட்டிருக்குமே."

கேட்டதுதான். ஒவ்வொரு நாளும் அவள் 'பிறகு' என்பதை அழுத்தினாள். புதுப்பிக்கப் போய்க் கணினி குழம்பிவிட்டால், அவனுடைய குரல் போய்விட்டால் என்ற பயம். எதைக் காப்பாற்ற அந்த இயந்திரத்தைத் தொடாமல் வைத்திருந்தாளோ அதுதான் போனது. கண்ணிவெடி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே அவள் சொல்கிற ஒன்று இருந்தது: "பலகை இல்லையெண்டா வெடி இல்லையெண்டு நினையாதேங்கோ. ஒருத்தரும் இன்னும் பலகை நடேல்லை எண்டுதான் அர்த்தம்." எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானைக்கு அதைச் சொல்லி என்ன பயன்.

வினோதன் வன்தட்டைக் கழற்றி ஒரு துணிப் பையில் போட்டுக் கொடுத்தான். "எறியாதேங்கோ. சில வேளை ரெண்டு மூண்டு வருசத்தில இந்தப் பூட்டுக்குத் திறப்பு வெளியில வரும். வராமலும் விடும்." காத்திருக்க இன்னொன்று. அவள் அதை வாங்கி அலுமாரியில் வைத்தாள்.

மூன்று நாள் மாமியின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை வந்தது. விபூதிக் கையோடு அழகம்மா கடைக்கு வந்து கதிரையில் இருந்தார், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"என்னா புள்ள, இன்னும் போடலியா?"

சிவரூபி அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பு வந்தது, பெட்டி வராதது, காதை வைத்துக்கொண்டிருந்தது, முப்பத்தொன்றும் போனது. திட்டு விழும் என்று பார்த்தாள். ஒப்பாரி வைப்பார் என்று பயந்தாள். அழகம்மா வெறுமையாக இருந்த திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"பொட்டி வரலைன்னதும் நீ என்னா நெனச்ச?"

"அவர்தான் எண்டு நினைச்சன், மாமி."

"உசுரோட இருக்கான்னு?"

"ஓம்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு நிமிசம் இருக்கும்."

"நான் எங்க இருந்தேன்?"

"குசினியில. தேங்காய் துருவிக்கொண்டிருந்தனீங்கள்."

அழகம்மாவின் கண் நிறைந்து வழிந்தது. கை மட்டும் மருமகளின் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தது.

"அந்த ஒரு நிமிசத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல, புள்ள" என்றார்.