தொட்டால் கையைத் தூக்கவும்

பதினொன்றே காலுக்கு வருவதாகச் சொன்ன டாக்டர் பதினொன்று நாற்பது ஆகியும் வரவில்லை. போனில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. வட்டத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. காத்திருக்கவும் என்றுதான் இருக்கும், வேறென்ன எழுதப் போகிறார்கள். சண்முகவடிவு அதையே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தாள். சரிந்தது. தூக்கி நிறுத்தினாள். மறுபடியும் சரிந்தது. எங்கிருந்தோ அரைச் செங்கல்லைத் தேடிக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்த பிறகு ஒருவழியாக நின்றது. ஆனால் அது நின்ற நிலையில் டாக்டர் வந்தால் அவர் பார்க்கப்போவது புருஷன் காலை அல்ல, எதிர் வீட்டுச் சாக்கடை மூடியை.

வீட்டிலிருந்தபடியே டாக்டரைப் பார்க்கலாம் என்று மகள் விஜயராணிதான் சொன்னாள். இதே பம்பாயில் காட்கோபரில் ஒரு போன் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு எல்லாமே சுலபம். காலையில் அம்மாவின் போனில் ஆப்பை ஏற்றி, அப்பா பெயர், வயது, சர்க்கரை அளவு எல்லாவற்றையும் தட்டிப் போட்டு, தமிழ் தெரிந்த டாக்டர் வேண்டும் என்ற இடத்தில் டிக் அடித்து, "பச்சை பட்டன் வந்தா அமுக்கும்மா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு டிரெயினைப் பிடிக்க ஓடிவிட்டாள். வீட்டிலிருந்தபடியே என்றால் எந்த வீட்டிலிருந்தபடியே என்று அந்த ஆப்காரனை ஒருநாள் நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். அவர்களுடைய கோலி, அந்த ஒற்றை அறை வீடு, பத்துக்குப் பத்து. உள்ளே உட்கார்ந்தால் சிக்னலும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. வாசலில் உட்கார்ந்தால் இரண்டும் உண்டு, கூடவே சந்து மொத்தமும் உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒருக்களித்து நிற்க வேண்டிய சந்து அது. அதில் புருஷன் சுடலைக்கண்ணன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொரு ஸ்டூலில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தான். கடந்துபோன ஒவ்வொருவரும் நின்று, குனிந்து, கட்டைவிரலைப் பார்த்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வேப்பெண்ணெயில மஞ்சளக் கொழச்சு வச்சுக் கெட்டுனா மூணே நாளு" என்றாள் பக்கத்து வீட்டுப் பேராச்சி. துணி துவைப்பதை நிறுத்திவிட்டு, நுரை வழியும் கையோடு வந்து நின்றிருந்தாள். "இதுக்குப் போயி டிவியில டாக்டரக் கூப்புடுதியே."

"இது டிவி இல்லக்கா. அவங்களும் நம்மளப் பாப்பாவ."

"பாக்கட்டும். பாத்து என்ன செய்ய, டிவியிலேர்ந்து எறங்கியா வரப்போறாவ."

சண்முகவடிவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஒன்பது நாளாக இதே பாடுதான். ஒன்பது நாளுக்கு முன்னால், மழைச் சேற்றோடு கிடந்த அவன் செருப்பைக் கழுவ எடுத்தபோது, இடது செருப்பின் அடியில் ஒரு ஆணித் தலை தெரிந்தது. தோல் பை தைக்கிற பட்டறையில் தரையெல்லாம் சிந்திக் கிடக்குமே, அந்தச் சின்ன ஆணி. திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் அரை விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது, முனையில் ரத்தம் காய்ந்திருந்தது. காலையில் போனவன் சாயங்காலம்வரை அதன் மேலேயே மிதித்து நடந்திருக்கிறான். குத்தினது தெரியவில்லையா என்று கேட்டதற்கு, "தெரியாம? சுருக்குன்னுதான் இருந்துச்சு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கவன் செருப்பக் கழத்திப் பாத்துக்கிட்டா இருப்பான்?" என்று எரிந்து விழுந்தான். சரி, இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். விரல் இப்போது அடியில் வெளுத்து, ஓரம் தடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. நேற்றிலிருந்து லேசாக வாடையும் வந்தது.

ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதே பட்டறையில் பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த பிரம்மநாயகம் போன வருஷம் சுண்டுவிரலுக்கு மருந்து போட நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது சந்து முனையில், பேன்ட்டை முழங்காலோடு மடித்து ஊக்கு குத்தி, ரீசார்ஜ் கடை வைத்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எதிரே போக வேண்டாமென்று சுடலைக்கண்ணன் தினமும் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறான். புண்ணுள்ள காலோடு சுற்றுவழி. வீடியோ என்றதும் மட்டும் மறுபேச்சு பேசாமல் சம்மதித்தான். வீடியோவில் வருகிற டாக்டர் கையில் கத்தி இருக்காதில்லையா.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வட்டம் நின்றது. கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் திரையில் வந்தாள். "நமஸ்காரம், நான் டாக்டர் சாதனா. செம்பூர்லேர்ந்து பேசறேன். பேஷன்ட் யாரு?" என்றாள். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த, மாட்டுங்கா மாமிகள் பேசுகிற தமிழ்.

"இவுகதான் டாக்டரம்மா. கால்ல புண்ணு."

"எனக்கு உங்க மூக்குதான் தெரியறது. கேமராவைத் திருப்புங்கோ."

திருப்பினாள். தகர ஓடு தெரிந்தது. மறுபடி திருப்பினாள். பேராச்சியின் நுரைக்கை தெரிந்தது. திரையில் எதையோ தட்டப்போய் டாக்டரின் குரல் அடங்கிவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. சண்முகவடிவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. மாட்டுங்காவில் இரண்டு வீட்டுச் சமையலுக்கு லீவு சொல்லி, ஒரு வீட்டு மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, இந்தக் கூத்துக்காகவா உட்கார்ந்திருக்கிறாள். குரல் திரும்ப வந்தபோது பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் நஜிமுதீனின் எம்பிராய்டரி மிஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. பன்னிரண்டு ஊசி ஒன்றாக இறங்குகிற மிஷின். டாக்டர் காதைப் பொத்திக்கொண்டாள். சண்முகவடிவு எழுந்து போய் நஜிமுதீனிடம் கெஞ்சினாள்.

"அஞ்சு நிமிசம்தான்க்கா. சேட்டு இன்னைக்கே சரக்கு கேக்கான்" என்று அவன் சுவிட்சை அணைத்தான். சந்து திடீரென்று அமைதியானது. பேராச்சி வீட்டுக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

டாக்டர் விரலை நெடுநேரம் பார்த்தாள். இன்னும் கிட்டே, கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் வெளிச்சத்தில் என்று பார்த்தாள். பிறகு அவள் பேச்சு மெதுவாகிவிட்டது. "வலி இருக்கா?"

"நல்லா வலிக்கு டாக்டரம்மா" என்றான் சுடலைக்கண்ணன். பரீட்சையில் பாஸான பையன் சொல்வது மாதிரி சொன்னான்.

"வலிச்சா நல்லதுதான். ஆனா சர்க்கரைக்காராளுக்கு உணர்ச்சி போயிருக்கும், அவாளுக்கே தெரியாது. நான் அங்க இல்லையோன்னோ, அதனால நீங்கதாம்மா தொட்டுப் பாக்கணும். அவர் கண்ணைக் கட்டிடுங்கோ. கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ரெண்டு கால்லயும். எந்த வரிசையிலயும் தொடலாம், சொல்லாம தொடணும். தொட்டா அவர் கையைத் தூக்கணும். தெரியறதுன்னா மாத்திரை எழுதறேன், டிரெஸ்ஸிங் சொல்றேன், மூணு நாள் கழிச்சு மறுபடி பாக்கலாம். தெரியலேன்னா இன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். புண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும். நாள் தள்ளினா விரலோட நிக்காது."

சண்முகவடிவு துண்டால் அவன் கண்ணைக் கட்டினாள். வலது காலின் நடுவிரலைத் தொட்டாள். கை எழுந்தது. இடது சுண்டுவிரல். எழுந்தது. வலது கட்டைவிரல், இடது நடுவிரல், வலது சுண்டுவிரல். தொடத் தொட எழுந்தது. கடைசியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரல். அதற்கும் எழுந்தது. ஆறுக்கு ஆறு.

"நான் சொல்லல?" என்றாள் பேராச்சி. அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

சண்முகவடிவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஒன்பது நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. பாவம் மனுஷன், நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறான், நான்தான் நை நையென்று உயிரை எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். ராத்திரிக்கு அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பச்சடி வைக்க வேண்டும். அப்போது ஒரு ஈ வந்து அந்தப் புண்ணைச் சுற்றியது. கையை வீசி விரட்டினாள். சுடலைக்கண்ணன் கையைத் தூக்கினான்.

அவள் விரல் அவன் காலுக்கு அரை முழம் தள்ளி இருந்தது.

போனைப் பார்த்தாள். டாக்டரின் முகம் பாதி கண் மூடியபடி உறைந்து கிடந்தது. மறுபடி வட்டம்.  சண்முகவடிவு காலின் பக்கமே போகாமல், தரைக்கு மேலே வெறும் காற்றில் கையை ஒரு அசை அசைத்தாள். ஆடியில் போட்ட கண்ணாடி வளையல், கைக்கு ஆறு, கிலுங்கியது. அவன் கையைத் தூக்கினான். துண்டுக்குக் கீழே உதடு லேசாகச் சிரித்தது.

ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது. அட பாவி மனுஷா, யாரை ஏமாற்றுகிறாய். டாக்டரையா, என்னையா.  ஆணிமேல் ஒரு பகல் முழுக்க நடந்தவன். சுருக்கென்று இருந்தது என்று வாய் கூசாமல் சொன்னவன். பிரம்மநாயகம் முகத்தைப் பார்க்கப் பயந்து சுற்றுவழியில் போகிறவன். இவனிடம் கேட்டால் ஈ உட்கார்ந்தது தெரிந்தது என்பான். நோயாளியே தெரிகிறது என்று சத்தியம் பண்ணினால் செம்பூரில் உட்கார்ந்திருக்கிற பெண் யாரை நம்புவாள். வளையலைக் கழற்றலாமென்று இழுத்துப் பார்த்தாள். வளையல்காரி சோப்பு போட்டு ஏற்றிவிட்டவை, கை எலும்பைத் தாண்டி வரவில்லை. உடைக்கவோ அவளுக்கு மனசு வராது.

"ஹலோ, சாரிம்மா, நெட்வொர்க் போயிடுத்து" என்று டாக்டர் திரும்பி வந்தாள். "கடைசி ரெண்டும் நான் பாக்கல. இன்னும் ஒரே ஒரு தடவை பண்ணிடலாமா? அப்புறம் மாத்திரை எழுதிடறேன்."

"எத்தன தடவ வேணும்னாலும் பண்ணச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றான் சுடலைக்கண்ணன்.

சண்முகவடிவு தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "நஜிமுதீன், மிஷினப் போடுப்பா."

"முடிஞ்சிட்டாக்கா?"

"போடுன்னா போடு."

"ஏட்டி, என்ன பண்ணுத? டாக்டரம்மா பேசுறது கேக்காதுல்லா" என்று துண்டுக்குக் கை கொண்டுபோனான் சுடலைக்கண்ணன். அவள் அந்தக் கையைப் பிடித்து அவன் முழங்கால் மேலேயே வைத்தாள்.

"கண்ணக் கெட்டிக்கிட்டுச் சும்மா இருங்க. தொட்டாத் தூக்குங்க. அவ்வளவுதான்."

மிஷின் ஓட ஆரம்பித்தது. தகரம் அதிர்ந்தது. திரையில் டாக்டர் நெற்றியைச் சுருக்கி ஏதோ கேட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. சண்முகவடிவு அவளைப் பார்த்து, பொறுங்கள், பாருங்கள் என்று கையால் காட்டினாள். வளையல் எல்லாம் ஒன்றோடொன்று மோதின. அந்தச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. போனை இன்னும் கிட்டே நகர்த்தி, இடது காலின் கட்டைவிரல்மேல் தன் விரலை வைத்தாள்.

அவன் கை முழங்காலில் இருந்தது. மெல்லத் தொட்டது போதவில்லையோ என்று அழுத்தினாள். கை அப்படியே இருந்தது. பிளாட்பாரக் கூட்டத்தில் எந்த வண்டி என்று அறிவிப்பைக் கேட்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்து, காதை அவள் பக்கம் கொடுத்திருந்தான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.  கொஞ்ச நேரம் கழித்து அவன் கை முழங்காலைவிட்டுக் கிளம்பி, பாதி தூரம் வந்து, அங்கேயே நின்றது. ஏறுவதா இறங்குவதா என்று அதற்கே தெரியவில்லை.

"வடிவு" என்று மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினான். "இன்னும் தொடலையா?"

அவள் தன் நகம் வெளுத்துப்போகும்வரை அந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.